மனஸ்தாப மந்திரம் நடந்து வந்த வழி

விருத்தாசலம் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன பழமலைநாதர் கோவிலும் மணிமுத்தாறும். அவற்றை அடுத்துப் பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும் பொருட்டு அகற்றப்படும் மேல்மண்ணில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அதனை நம்பி இந்நகரில் பீங்கான் தொழில் வளர்ந்தது. அதற்கென ஒரு தொழிற்பேட்டையும், தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் தோன்றின. அகல் விளக்குகளும் கொலுப் பொம்மைகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. மண்ணை நீரில் கரைத்துக் கூழாக்கி, பாரிஸ் சாந்து அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் உட்புறத்தில் தோலாகப் படிகிறது. மிஞ்சிய கூழை வெளியே ஊற்றிவிட்டுச் சற்று உலரவிட்டு அச்சைப் பிரித்தால் உருவம் கைக்கு வந்துவிடும். கை தவறி அது உடைந்தாலும் எவரும் வருந்துவதில்லை. உடைந்ததை மறுபடி தொட்டி நீரில் போட்டால் அது மீண்டும் கூழாகிவிடும். சூளைக்குள் போய்க் கீறலோடு வெளிவந்ததன் கதை வேறு. அதனைக் கரைக்க எந்த நீராலும் இயலாது.

இந்த வேறுபாட்டைக் கண்டு மனமாற்றத்தைப் பற்றிப் பேசிய ஒரு மறையுரை, கிறிஸ்தவர்களின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்றாக நமக்குக் கிடைத்திருக்கிறது. புனித கிளமெந்துவின் இரண்டாம் திருமுகம் என்று வழங்கினாலும், அது அவர் எழுதியதன்று, திருமுகமுமன்று. இரண்டாம் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத ஒருவர் சபையின் முன் ஆற்றிய உரை அது. குயவனின் கையிலிருக்கும்போது கோணிப்போன பாண்டத்தை அவன் திரும்ப வனையலாம், சூளையில் இட்டபின் அவனால் ஆகாது. நாமும் இவ்வுலகில் இருக்கும்போதே மனம் திரும்புவோம் என்பது அவர் கூறும் கருத்து. அவருக்கு முன்பே இறைவாக்கினர் எரேமியாவின் நூலில் இவ்விரு மண்ணும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வருகின்றன. பதினெட்டாம் அதிகாரத்தில் குயவன் சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணை வேறொரு கலமாக வனைகிறான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் சுட்ட கலயம் ஒன்று எருசலேமுக்கு வெளியே மக்கள் கண்முன் உடைக்கப்படுகிறது. அதனைச் செப்பனிட வழியில்லை என்றும் சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தை நாம் அடிக்கடி மறையுரைக்கு எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவதை ஏனோ எடுப்பதில்லை.

குயவன் புதிய ஏற்பாட்டிலும் வருகிறான். யூதாசு திருப்பிக் கொடுத்த முப்பது வெள்ளிக்காசுகளைக் கொண்டு குருக்கள் வாங்கியது குயவன் நிலம். யூதாசு மனம் வருந்தவில்லை என்று மத்தேயு எழுதவில்லை. வருந்தினான், பணத்தைத் திருப்பினான், மாசற்றவரைக் காட்டிக்கொடுத்த பாவத்தை வாயாலே அறிக்கையிட்டான் என்றே எழுதுகிறார். மறைக்கல்வியில் நாம் கற்ற படிகள் பலவும் அவனிடம் இருந்தன. அவன் எவரிடம் அறிக்கையிட்டானோ அவர்கள் அது தங்களுக்குரியதன்று என்று கைகழுவினர். அவனும் ஆண்டவரிடம் திரும்பிப் போகவில்லை. அதே இரவில் பேதுரு மும்முறை மறுதலித்தார், அழுதார், ஆனால் மற்றவர்களோடு இருந்தார். குற்ற உணர்வில் இருவருக்குமிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒருவரிடம் எஞ்சியிருந்தது, மற்றவரிடம் எஞ்சவில்லை. மன்னிப்பு வேண்டும் செபத்தின் வரலாற்றைத் தமிழ் மண்ணில் தேடிச் செல்லும் நமக்கு இந்த ஒரு வேறுபாடே வழிவிளக்காக இருக்கும்.

திருச்சபையின் பொது வரலாற்றை இங்கு விரித்துரைக்க இடமில்லை. தொடக்க நூற்றாண்டுகளில் பெரும்பாவங்களுக்குரிய தவமுயற்சி வாழ்நாளில் ஒருமுறைதான், அதுவும் சபையறிய. தெசலோனிக்காவில் படுகொலைக்கு ஆணையிட்ட பேரரசர் தியோதோசியுவை 390-ஆம் ஆண்டில் மிலான் ஆயர் அம்புரோசு தவம் செய்ய வைத்தது அக்காலத்து வழக்கப்படியே. மீண்டும் மீண்டும் தனியாகக் குருவிடம் அறிக்கையிடும் முறையை ஐரோப்பாவெங்கும் கொண்டுசென்றவர்கள் அயர்லாந்துத் துறவியர். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிடக் கட்டளையிட்டது. 1551 நவம்பர் 25 அன்று திரிதெந்தீன் சங்கம் அருட்சாதனத்தின் போதனையை வரையறுத்தபோது, நம் கட்டுரைக்கு இன்றியமையாத ஒன்றையும் கூறியது. கடவுளை அன்பு செய்வதால் எழும் முழுமையான மனத்துயர், அருட்சாதனத்தைப் பெறுமுன்னரே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும். ஆனால் அத்துயருக்குள் அருட்சாதனத்தைப் பெறவேண்டும் என்ற ஆவலும் அடங்கியிருக்க வேண்டும். இதனையே நம் முன்னோர் உத்தம மனஸ்தாபம் என்றனர். திரிதெந்தில் இலத்தீனில் எழுதப்பட்ட இந்தப் போதனையின் அருமையைக் குருக்களைக் காணாத சிற்றூர்களே நன்கு அறிந்தன.

1551-க்கு முன்னரே முத்துக்குளித்துறையில் தமிழில் செபம் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. 1530-களில் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்களுக்கு மறைக்கல்வி தருவோர் எவருமில்லாத நிலையில், 1542-இல் அங்கு வந்தார் புனித சவேரியார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த சிலரின் துணையோடு விசுவாச மந்திரம், கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறைந்த மந்திரம், பாவங்களை அறிக்கையிடும் மன்றாட்டு ஆகியவற்றைத் தமிழாக்கித் தாமும் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்றார். 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையினருக்கு எழுதிய மடலில் அவர் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். அந்த விவரத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். பத்துக் கட்டளைகளையும் அவர் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைக்கவில்லை. ஒரு கட்டளையைச் சொன்னவுடன், அதனைக் கடைப்பிடிக்க அருள் தருமாறு எல்லாரும் சேர்ந்து இயேசுவை வேண்டிப் பரலோக மந்திரம் சொல்கிறார்கள். அதே அருளைப் பெற்றுத் தருமாறு அன்னை மரியாவை வேண்டி அருள்நிறைந்த மந்திரம் சொல்கிறார்கள். பின்னரே அடுத்த கட்டளை. பத்துக் கட்டளை, பத்து வேண்டுதல்.

கட்டளையைச் சொல்லி அதை மீறினால் தண்டனை என்று சேர்ப்பது எளிது. கட்டளையைச் சொல்லி அதைத் தாங்கும் வலிமையைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது அரிது. கடலோடிகளுக்குச் சவேரியார் இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தார். அவரது போதனை முறையின் அவசரத்தைக் குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் இந்த ஒன்றில் அவர் செய்ததைவிட மேலாக நாம் இன்றுவரை எதுவும் செய்துவிடவில்லை என்பது நம் எண்ணம்.

அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு. போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் 1520-இல் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 1600-இல் புன்னைக்காயலில் உயிர்நீத்தவர். மொழிபெயர்ப்பாளன் வழியாகப் பாவ அறிக்கை கேட்பதைத் திருச்சபைச் சட்டம் தடுப்பதில்லை, இன்றும் தடுக்கவில்லை. ஆனால் தன் ஊர்க்காரன் ஒருவன் நடுவில் நின்று கேட்கத் தன் குற்றத்தைச் சொல்ல எவருக்கு நா எழும்? அடிகளார் இரவு பகலாகத் தமிழ் கற்று, 1549-க்குள் துணையாளரின்றிப் பேசும் நிலையை எட்டினார். அவர் முயற்சியால் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், பதினாறே பக்கம். 1579-இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம். 1580-இல் கொம்பெசியோனாயரு. பெயர் போர்த்துக்கீசியம், பொருள் பாவ அறிக்கைக்கு ஆயத்தம் செய்யும் கையேடு. பத்துக் கட்டளைகளின் வழியே மனச்சான்றை ஆராயவும் குருவிடம் ஒழுங்காக அறிக்கையிடவும் மக்களைப் பழக்கும் பொருட்டு எழுந்தது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் முதல் நூலைக் கொண்டாடிவிட்டு மேலே சென்றுவிடுகிறார்கள். இந்நாட்டில் அச்சான முதல் சில தமிழ் நூல்களுள் ஒன்று, மன்னிப்புக் கேட்பது எவ்வாறு என்று கற்பிக்க எழுந்தது என்பதை நாமாவது நினைவில் வைத்திருக்கலாம்.

சொற்கள் மாறின. 1606-இல் தத்துவ போதகர் மதுரை வந்ததன் பின் வளர்ந்த மறைப்பணியில் போர்த்துக்கீசியச் சொற்கள் விலகி வடமொழிச் சொற்கள் நிறைந்தன. கொம்பெசியோன் போய்ப் பாவசங்கீர்த்தனம் நிலைத்தது. பாவங்களை நினைத்தல், மனஸ்தாபப்படுதல், பிரதிக்கினை செய்தல், குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் என்று ஐந்து படிகளை நம் பாட்டிமார் விரல்விட்டு எண்ணுவார்கள். சங்கீர்த்தனம் என்ற வடசொல்லுக்குப் புகழ்ந்து பாடுதல் என்றும் பொருளுண்டு. பாவத்தைப் பாடிப் புகழ்வதா என்று நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இலத்தீனில் புனித அகுஸ்தீனாரின் அறிக்கைகள் என்னும் நூலின் தலைப்பும் இதே இரட்டைப் பொருள் கொண்டது; தன் பாவத்தைச் சொல்வதும் கடவுளின் இரக்கத்தைப் புகழ்வதும் அங்கு ஒரே சொல்.

மனஸ்தாபம் என்ற சொல்லுக்கு நேர்ந்தது சற்று வேடிக்கையானது. இன்றைய பேச்சுத் தமிழில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் என்றால் உறவு கசந்துவிட்டது என்று பொருள். இளைஞர்களிடம் மனஸ்தாப மந்திரம் என்றால் விழிக்கிறார்கள். மனத்தின் தாபம், அதாவது உள்ளத்தின் வெப்பம், என்பதே பழைய பொருள். இலத்தீன் மூலச்சொல்லின் பொருளோ இன்னும் கடினமானது. அரைத்துப் பொடியாக்குதல் என்பது அது. இங்கே பீங்கான் ஊர்க்காரர்கள் நமக்கு உதவிக்கு வருகிறார்கள். சூளையில் சுட்டு உடைந்த ஓட்டை நீர் கரைக்காது என்றோம். ஆனால் அதனை அரைக்கலாம். அரைத்த பொடியைப் புதுக் களிமண்ணோடு அளவறிந்து சேர்த்தால், உலரும்போதும் சுடும்போதும் அம்மண் அதிகம் சுருங்காது, எளிதில் வெடிக்காது. சூளைச் செங்கல் செய்வோர் இதனை வேண்டிச் சேர்க்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டின் அந்த மறையுரையாளர் குயவனின் கொட்டகைக்குப் பின்புறம் சென்று பார்க்கவில்லை போலும்.

இனி நம் பகுதிக்கு வருவோம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் வழியில் கோணாங்குப்பம் இருக்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்கு அங்கே எழுப்பிய கோவிலை அறியாத கத்தோலிக்கர் இம்மாவட்டத்தில் இல்லை. இத்தாலியில் 1680-இல் பிறந்து 1747-இல் மறைந்த அவரைப் புலவராகவும் அகராதி ஆசிரியராகவும் நாடு போற்றுகிறது. ஆனால் அவரது உழைப்பில் ஒரு பகுதி, இலக்கியம் கற்காத உபதேசியார்களுக்காகவே கழிந்தது. அவர்களுக்கென வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். அது ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அக்காலத்தை மனத்தில் கொண்டுவர வேண்டும். ஒரு குருவுக்குப் பல நாள் நடைத் தொலைவுக்குச் சிதறிய ஊர்கள். ஓர் ஊருக்கு அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் பேறு. வந்த நாளில் இரவு முழுவதும் பாவசங்கீர்த்தனம், விடியலில் பூசை, பின் அடுத்த ஊர். எஞ்சிய நாள்களில் பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பவரும், ஞாயிறன்று செபம் சொல்லிக்கொடுப்பவரும், சாகக்கிடப்பவரின் காதருகே குனிந்து மனஸ்தாப மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொல்பவரும் உபதேசியாரே.

அந்த மந்திரத்தின் அமைப்பைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வடிவங்கள் வழங்கினாலும் அடிப்படை ஒன்றே. அன்புக்குரிய கடவுளை நோகச் செய்ததற்கான துயரம் முதலில். இனி அவ்வாறு செய்வதில்லை என்ற பிரதிக்கினை அடுத்து. அந்தப் பிரதிக்கினையைச் சொந்த வலிமையால் காப்பாற்ற இயலாது, உமது அருள் வேண்டும் என்ற விண்ணப்பம் இறுதியில். சவேரியார் கட்டளைதோறும் கேட்க வைத்ததும் இதுவே. யூதாசின் வாயிலிருந்து வராததும் இதுவே. துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது தன்னைத்தானே வெறுக்கும் புலம்பலாக முடியும். பிரதிக்கினையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த வாரமே உடையும் வீறாப்பாக முடியும்.

இந்த மூன்றடுக்கு மன்றாட்டைச் சோதித்துப் பார்க்கும் காலம் விரைவில் வந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதற்கு முன்னரே போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப்பகுதிகளில் அச்சபையினரைச் சிறைப்பிடித்திருந்ததால் தமிழகத்துக்குப் புதியவர் வருவது அருகியது. இருந்தவர்கள் மூப்படைந்து ஒவ்வொருவராக மறைந்தனர். 1776-இல் புதுச்சேரிப் பணித்தளத்தைப் பாரிஸ் வேதபோதக சபையினர் ஏற்றபோது, பரப்போ பெரிது, குருக்களோ மிகச் சிலர். 1780-இல் ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் இறங்கியது. 1781 சூலை 1 அன்று இங்கிருந்து தொலைவில்லாத பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நடந்தது. போர், பஞ்சம், ஊர்விட்டு ஊர் ஓடுதல். அத்தகைய காலத்தில் குருவைத் தேடிச் செல்வது எங்கே? மாலையில் செபமாலை, இறுதியில் மனஸ்தாப மந்திரம். அதுவே ஆலயம், அதுவே சங்கீர்த்தனத் தொட்டி.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துத் தமிழர் இதற்கு முன்பே இதனினும் கொடிய நிலையைக் கண்டவர்கள். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கு இடமில்லை. அவர்களுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின் குரலே கேளாதிருந்த மக்களிடம் 1687-இல் கோவாவிலிருந்து ஒருவர் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கினார். கழுத்தில் செபமாலை தெரிய வீடுவீடாக இரந்து, அதனைக் கண்டு முகம் மாறியவர்கள் எவர் என்று பார்த்துக் கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். அவரே 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட யோசே வாஸ் அடிகளார். சில்லாலையில் மறைந்திருந்து இரவுகளில் அவர் கேட்ட பாவ அறிக்கைகளை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பாரம். அதனைச் சொல்ல அம்மக்களுக்குச் சொற்கள் இருந்தன என்றால், இடைப்பட்ட காலத்தில் தாய்மார் அடுப்படியில் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களைக் கொடுத்து வந்தார்கள் என்று பொருள்.

இதே கதை சப்பான் நாட்டில் இன்னும் நீண்ட காலத்துக்கு நடந்தது. 1603-இல் அங்கே மனஸ்தாபத்தின் பயன்களை விளக்கும் சிறுநூல் ஒன்று சப்பானிய மொழியில் எழுந்தது. நம் கொம்பெசியோனாயருவைப் போலவே அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லைத் தலைப்பில் தாங்கிக் கொஞ்சிரிசான் எனப்பட்டது. 1614-இல் மறை தடைசெய்யப்பட்டது. 1640-களுக்குப் பின் அங்கே குருக்களே இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் கொஞ்சிரிசானை இரகசியமாக மனனம் செய்து, திருவுருவை மிதிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆட்பட்டு வீடு திரும்பிய நாளிலும் அதனைச் சொல்லிவந்தன. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்தின் வாயிலில் அவர்களுள் சிலர் வந்து நின்றபோது அவர்களைக் கண்டவர் பெத்திஜான் அடிகள், நம் புதுச்சேரிக்குக் குருக்களை அனுப்பிய அதே பாரிஸ் வேதபோதக சபையினர். ஒரு செபம் மட்டுமே இத்தனை தலைமுறைகளைத் தாங்கியது என்று கூறுவது மிகை. குடும்பமும் இரத்த உறவும் ஊர்க்கட்டுப்பாடும் சேர்ந்தே தாங்கின. ஆனால் வீழ்ந்தவர் மறுநாள் எழுந்து அதே சமூகத்துக்குள் மறுபடி நிற்க முடிந்தது என்றால், அந்தச் செபம் அதற்கு வழிசெய்தது.

பிற்காலத்தில் நம் நாட்டில் குருக்கள் பெருகினர், பங்குகள் பெருகின. 1905-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நன்மை வாங்க ஊக்குவித்தபின் சங்கீர்த்தனத் தொட்டிகளின் முன் வரிசையும் நீண்டது. வரிசை நீள நீள, ஒவ்வொருவருக்கும் கிடைத்த நேரம் குறுகியது. மந்திரம் விரைவாகச் சொல்லப்படும் ஒன்றாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973 டிசம்பர் 2 அன்று வெளியான புதிய சடங்குமுறை, பாவம் கடவுளோடு மட்டுமன்றிச் சமூகத்தோடும் உள்ள உறவை முறிக்கிறது என்பதை முன்னிறுத்தியது. தமிழில் அதற்கு ஒப்புரவு என்ற அழகிய சொல் வாய்த்தது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அது ஊருக்கு உதவி வாழும் கடமை. சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சொல் உயர்ந்த அதே ஆண்டுகளில் வரிசை தேய்ந்தது. நற்கருணை வாங்க எழுந்து வருவோரையும், முந்தின நாள் மாலை ஒப்புரவுக்கு வருவோரையும் எண்ணிப் பார்த்தால் எந்தப் பங்குக் குருவும் இதனை மறுக்கமாட்டார். மக்களுக்குக் குற்ற உணர்வு குறைந்துவிட்டது என்று சிலர் காரணம் கூறுவர். நம் அனுபவம் அதற்கு மாறானது. குற்ற உணர்வு நிறைய இருக்கிறது. குடியை விட முடியாத தகப்பனிடம், கடனை மறைத்த மனைவியிடம், உடன்பிறந்தாரிடம் நிலத்தைப் பறித்தவரிடம் அது தூக்கத்தையும் தின்கிறது. சொல்லிப் பயன் என்ன, மறுபடியும் அதையேதான் செய்வேன் என்பதே அவர்கள் கூறும் காரணம். அவர்கள் தேடுவது மன்னிப்பு மட்டுமன்று, வலிமை. அருட்சாதனம் அதனையும் தருகிறது என்பதை நாம் அவர்களுக்குப் போதுமான அளவு சொல்வதில்லை.

2020-ஆம் ஆண்டு இவை எல்லாவற்றையும் மீண்டும் மேலே கொணர்ந்தது. மார்ச் 20 அன்று, பாவமன்னிப்புத் தொடர்பானவற்றைக் கவனிக்கும் உரோமை நீதிமன்றம் ஒரு குறிப்பை வெளியிட்டது. கொள்ளைநோயால் குருவை அணுக இயலாதோர், அன்பிலிருந்து எழும் முழுமையான மனத்துயரோடும், இயன்றவுடன் அருட்சாதனத்தைப் பெறுவோம் என்ற உறுதியோடும் மன்னிப்பு வேண்டினால் மன்னிப்புப் பெறுவர் என்றது. அப்போதைய திருத்தந்தை பிரான்சிசும் அன்றைய காலை மறையுரையில் இதனையே எளிய சொற்களில் கூறினார். புதியதொன்றுமில்லை, 1551-இன் போதனைதான். ஐந்து நாள் கழித்து நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. தொலைபேசியில் பங்கு மக்களுக்கு மனஸ்தாபத்தை நினைவூட்டிய குருக்கள் பலருக்கும் ஒரே அனுபவம். அறுபதைக் கடந்தவர்கள் உடனே சொல்லத் தொடங்கினார்கள், புத்தகம் தேவைப்படவில்லை. இளையவர்கள் கைப்பேசியில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம், சொன்னார்கள். ஆண்டவர் இருவரையும் கேட்டிருப்பார். ஆனால் மூச்சுத் திணறி மருத்துவமனைப் படுக்கையில் தனியே கிடந்தவரின் கையில் கைப்பேசி இருந்ததா? அருகே குனிந்து எடுத்துச் சொல்ல உபதேசியார் இருந்தாரா? மனத்தில் இருந்ததே அங்கே உதவியது.

கதவுகள் திறந்தன. இயன்றவுடன் அருட்சாதனத்துக்கு வருவோம் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்தவர்கள் உண்டு, பெரும்பாலும் முதியவர்கள். எஞ்சியோர் மந்திரத்தின் முதல் பாதியை வைத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டார்கள். நேரடியாகக் கடவுளிடமே கேட்டுவிட்டேனே சாமி, இனி எதற்கு என்று வெளிப்படையாகக் கேட்கும் இளைஞர்களை நாம் வெறுப்பதில்லை. அவர்களுக்கு உரிய பதில், முன்னோரின் கதையிலேயே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் நேரடியாகக் கடவுளிடம் கேட்டு மன்னிப்புப் பெற்ற யாழ்ப்பாணத்தார், பிச்சைக்காரர் கோலத்தில் ஒரு குரு வந்தார் என்று கேட்டவுடன், உயிருக்குத் துணிந்து இருளில் அவரைத் தேடி வந்தார்கள்.

நம் பங்கில் புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இப்போது மனஸ்தாப மந்திரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கற்பிக்கிறோம்; உமது அருள் வேண்டும் என்ற கடைசிப் பகுதி முதலில், பிரதிக்கினை பிறகு, துயரம் அதன்பின். பிள்ளைகள் எதையும் ஒப்பிக்கும்போது முடிவை விழுங்கிவிடுவார்கள் என்பது ஆசிரியர் எவரும் அறிந்தது. சனவரித் திருவிழாவுக்குக் கோணாங்குப்பம் செல்லும்போது அவர்களையும் அழைத்துச் செல்கிறோம். அங்கே மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் குருவின் முன், முந்தானையால் தலையை மூடி மண்டியிடும் மூதாட்டியர் பழைய வடிவத்தையே சொல்கிறார்கள். தொடக்கத்தை வேகமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரிக்கு வந்ததும் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள்.